ஆச்சியின் பாம்படமும் ஐம்பது மி.மீ. லென்சும்

வாசகர் கேள்வி – பதில்: ஒளிப்படக் கலை

கேள்வி: ஐயா, நான் அம்பாசமுத்திரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். என்னிடம் கேனான் 1500டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்சும் இருக்கின்றன. என் ஆச்சிக்கு 86 வயது. எங்கள் தெருவில் இன்னும் காதில் தங்கப் பாம்படம் அணிந்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவரை நல்ல முறையில் ஒரு படம் எடுத்து, சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகவே பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர், ஜூம் ஆகாத 50 மி.மீ. பிரைம் லென்ஸ் போதும் என்கிறார். சென்னையில் இருக்கும் அத்தானோ, “முகத்துக்கு 85தான். இன்னும் கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கு” என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: லென்சுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். ஆச்சியின் படத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கையில் இருக்கும் 18-55 லென்சே அதற்குப் போதும். 86 வயதானவரைப் படமெடுக்க நினைப்பவர்கள், பணம் சேரட்டும் என்றோ பண்டிகைத் தள்ளுபடி வரட்டும் என்றோ நாளைத் தள்ளிப்போடக் கூடாது. புது லென்ஸ் வந்தபின் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

எப்படி எடுப்பது என்பதையும் சொல்கிறேன். தெருவாசலை ஒட்டிய தார்சாவில், வெயில் நேராக உள்ளே விழாத வேளையில், வாசலிலிருந்து ஓர் எட்டு உள்ளே தள்ளி ஆச்சியை உட்கார வையுங்கள். முகம் வாசலை நோக்கிச் சற்றே திரும்பியிருக்கட்டும். பின்சுவரை ஒட்டி உட்கார வைக்காதீர்கள். ஆச்சிக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். வெளிச்சம் படாத கன்னத்தில் நிழல் அடர்ந்து விழுந்தால், துவைத்து மடித்த வெள்ளை வேட்டி ஒன்றை நாற்காலி முதுகில் விரித்து அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தால் போதும். வாசல் வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்தையும் எடுத்துக்காட்டிவிடும். லென்சை 50-க்கும் 55-க்கும் நடுவில் வைத்து, முகத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கேமராவை ஆச்சியின் கண் மட்டத்துக்கு இறக்கி, எஃப் 5.6 (லென்சின் துளை அளவு; எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), ஷட்டர் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 800 என்று தொடங்குங்கள். படம் இருண்டிருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை உயர்த்தலாம். உங்கள் கேமரா அதைத் தாங்கும்.

ஒன்றரை மீட்டர் என்று அளவிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தில் முகத்தின் அமைப்பு எப்படி விழும் என்பதை முடிவு செய்வது கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம். மூக்கு நுனியிலிருந்து காது ஏறத்தாழ 12 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், காது இருக்கும் அளவுக்கு ஒப்பிட மூக்கு ஏறக்குறைய கால் பங்கு பெருத்துவிடும். காதுகள் பின்னால் ஒடுங்கிப்போகும். ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்தாலோ அந்த வேறுபாடு நூற்றுக்கு எட்டாகச் சுருங்கிவிடுகிறது. நாம் தினமும் எதிரே உட்கார்ந்து பார்க்கிற ஆச்சியின் முகம் அதுதான். 18 மி.மீ.யில் வைத்து எடுத்த முகங்கள் கோணலாகத் தெரிவதற்கு லென்சைக் குறை சொல்வார்கள். முகம் படம் நிறைய வர வேண்டும் என்பதற்காக அந்த லென்சோடு நாம் மூக்கருகே போய் நிற்பதுதான் அங்கே நடக்கும் பிழை.

இனி பாம்படம். தொங்கும் காதுமடல், கண்ணிலிருந்து 9 அல்லது 10 செ.மீ. பின்னால் இருக்கிறது. 50 மி.மீ. பிரைம் லென்சை எஃப் 1.8 அளவுக்கு முழுதாகத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், உங்கள் கேமராவில் தெளிவாகப் பதியும் ஆழம் மூன்று செ.மீ.கூட இல்லை. இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பாம்படமோ பொன்னிறப் புகையாகக் கரைந்துபோயிருக்கும். எதற்காகப் படம் எடுக்க நினைத்தீர்களோ அதுவே படத்தில் இராது. ஒன்றரை மீட்டரில் எஃப் 5.6 என்று வைத்தால் அந்த ஆழம் 19 செ.மீ. அளவுக்கு விரிகிறது. அப்போது கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும், பாம்படத்தின் உருண்டையும் தட்டும் விளிம்பும் தேய்ந்து வழவழத்த இடமும் துலக்கமாக வந்துவிடும். முகத்தை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொன்னால், கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணும் காதும் ஏறத்தாழ ஒரே தூரத்துக்கு வந்து வேலை மேலும் எளிதாகும்.

அப்படியானால் பிரைம் லென்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து ஆச்சி வெற்றிலை மடிக்கிறார் என்று வையுங்கள். அந்த வெளிச்சத்தில் 18-55 லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடுகிறது, ஐ.எஸ்.ஓ. 6400 கேட்ட இடத்தில் 800 போதுமானதாகிவிடும். அடுத்தது பின்னணி. 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ. வருகிறது, லென்சின் உள்ளே திறக்கும் துளையின் விட்டம் இதுதான். எஃப் 5.6-இல் அது வெறும் 9 மி.மீ. தொலைவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாக விரிந்து கரையும் என்பதை இந்த விட்டமே தீர்மானிக்கிறது. கொடியில் காயும் துணியும் மின்கம்பியும் எதிர்வீட்டுச் சுவர் விளம்பரமும் முகத்தோடு போட்டி போடாமல் அடங்குவது இதனால்தான். இவை இரண்டோடு, ஒரே எஃப் 5.6-இல் எடுத்தாலும் பிரைம் லென்சின் துலக்கம் பெரும்பாலும் ஒரு படி கூடுதலாகவே இருக்கும்.

விலை குறைவு என்பதால் தரமும் குறைவு என்று எண்ண வேண்டாம். முன்பாதியும் பின்பாதியும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஒத்திருக்கும்படி கண்ணாடிகளை அடுக்கும் முறையில், ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் என்பவர் 1896-இல் பிளானர் என்ற லென்சை வடிவமைத்தார். இன்று நாம் வாங்கும் 50 எஃப் 1.8 லென்சுகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே. நூறாண்டுக்கு மேலாகத் திருத்தித் திருத்திச் செம்மையான அமைப்பு, ஆறே கண்ணாடிகள், பெருந்தொகையான உற்பத்தி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் விலையை இறக்குகின்றன. 85 எஃப் 1.8 லென்சுக்கு உள்ளே 47 மி.மீ. துளை வேண்டும், கண்ணாடிகள் பெருக்கின்றன, எடையும் விலையும் கூடவே ஏறுகின்றன.

இப்போது அத்தானின் பேச்சுக்கு வருவோம். அவர் சொல்வது பிழையன்று. 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவை மனத்தில் வைத்துச் சொல்கிறார். உங்கள் 1500டி-யின் சென்சார் அதைவிடச் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் பரப்பு, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 80 மி.மீ. பிடிக்கும் பரப்புக்குச் சமம். அதாவது அத்தான் விரும்பும் 85-க்கு உங்கள் கேமராவில் மிக நெருங்கி நிற்பது கடைக்காரர் காட்டும் 50-தான். அதே 85-ஐ உங்கள் கேமராவில் மாட்டினால் 136 மி.மீ. போலாகிவிடும். ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் சற்று இடம் விட்டு, கேமராவை நெடுக்காகத் திருப்பி எடுக்க, 50 மி.மீ.க்கு நாலரை மீட்டர் பின்னால் போனால் போதும். 85-க்கு ஏழரை மீட்டருக்கு மேல் வேண்டும். நம் பக்கத்து வளவு வீடுகளில் அவ்வளவு தூரம் பின்னால் போனால் நீங்கள் அடுத்த வீட்டு அடுக்களையில் நிற்பீர்கள். ஆகவே 50-ஐயே வாங்குங்கள்.

கேனானில் 2015-இல் வந்த 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். என்ற வடிவமே உங்களுக்கு உரியது. 35 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். கேமராவில் பொருந்தும் வளையம் உலோகம். 1990 முதல் விற்ற அதன் முன்னோடியில் அந்த வளையம் பிளாஸ்டிக், உள்ளே துளையைச் சுருக்கும் இதழ்கள் ஐந்து மட்டுமே. பின்னணி விளக்குகள் சில வேளை ஐங்கோணமாக விழும். விலையில் சிறு வேறுபாடுதான் என்றால் பழையதை நாட வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். 18-55 லென்சின் வளையத்தை 50-இல் நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிட்டு, வீட்டார் எல்லோரையும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் பின்சுவர் முதுகில் இடித்து, “இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்க இடமில்லையே” என்று தோன்றினால், உங்கள் வீட்டுக்கு 35 மி.மீ.தான் ஏற்றது; அதில் முழு ஆளை மூன்று மீட்டரிலேயே அடக்கிவிடலாம். தோன்றவில்லையென்றால் தயங்காமல் 50-க்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி3500 இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் 50 மி.மீ. எஃப் 1.8 டி என்ற லென்சைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். ஃபோகஸ் தானாக ஆகவே மாட்டேன் என்கிறது. சில வேளை கேமராவும் பிழைக் குறி காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: லென்ஸ் நல்ல நிலையில்தான் இருக்கிறது. டி என்ற எழுத்து கொண்ட அந்த வடிவத்தில் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் வைக்கப்படவில்லை. டி7000 வரிசையில் உண்டு. பிழைக் குறிக்குக் காரணம் வேறு: லென்சின் மேல் உள்ள அப்பர்ச்சர் (துளை அளவு) வளையத்தை 22 என்ற எண்ணில் நிறுத்திப் பூட்ட வேண்டும். அதைச் செய்தால் குறி மறைந்துவிடும். வெளிச்ச அளவும் சரியாக வேலை செய்யும். ஃபோகசை மட்டும் கையால் திருப்ப வேண்டும். சரியான இடம் வந்ததும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் பச்சைப் புள்ளி நிலைத்து எரியும். அசையாமல் உட்காரும் பெரியவர்களுக்கு இது போதும். ஓடியாடும் குழந்தைகளை எடுப்பதே உங்கள் நோக்கமென்றால், நண்பரிடம் உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 50 எஃப் 1.8 ஜி அல்லது 35 எஃப் 1.8 ஜி டி.எக்ஸ். வாங்குங்கள். அவ்விரண்டிலும் மோட்டார் லென்சுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் 1500டி-க்கு 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். வாங்கினேன். கேமராத் திரையில் படங்கள் அருமையாகத் தெரிகின்றன. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பத்துக்கு ஏழு படங்களில் கண் தெளிவாக இல்லை. லென்சில் பழுதா?

— வாசகர், வீரவநல்லூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பத்தமடை நினைவுக்கு வந்தது. இந்த லென்சை வாங்கிய புதிதில், பாய் நெய்யும் ஓர் அம்மாளைப் படமெடுக்க அங்கே போயிருந்தேன். ஒரே ஒரு கதவு வழியாக வெளிச்சம் வரும் அறை. தறியின் மேல் குனிந்து கோரையை ஒவ்வொன்றாகச் செலுத்திக்கொண்டிருந்தார். புது லென்ஸ் தந்த உற்சாகத்தில் எஃப் 1.8-ஐ விட்டு இறங்காமல் நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மூன்றே மூன்றில்தான் கண்கள் துலக்கமாக இருந்தன. மற்றவற்றில் பாவு நூல் ஒவ்வொன்றும், சாயம் ஏறிய விரல் நுனியும் அற்புதமாகப் பதிந்திருந்தன. மறுமுறை போனபோது அவர் அந்தப் பாயை அறுத்து இறக்கிவிட்டு வேறு பாவு ஏற்றியிருந்தார். அந்தக் கோலமும் அந்த வண்ணமும் திரும்பக் கிடைக்கவில்லை.

அங்கே நடந்தது என்னவென்று பின்னர் புரிந்தது. உங்கள் கேமராவிலும் என் கேமராவிலும் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. எதைத் தேர்வது என்பதைக் கேமராவிடமே விட்டுவிட்டால், பெரும்பாலும் தனக்கு அருகில் எது இருக்கிறதோ அதை அது பிடித்துக்கொள்ளும். முகத்துக்கு முன்னால் கை இருந்தால் கை. மூக்கு இருந்தால் மூக்கு. ஆகவே முதல் வேலையாக ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். ஒன்பதில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு, நெடுக்கு என்று இரு திசைகளிலும் கோடுகளை உணரும் திறன் கொண்டது. மங்கிய வெளிச்சத்தில் அதையே நம்புங்கள். அதை உங்களுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல், விழியும் இமையும் சந்திக்கும் கோட்டில் வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிக் கண்ணைச் சட்டத்தின் மேற்பகுதிக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கேமரா திரும்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே சாய்கிறது. எஃப் 8-இல் இது தெரியவே தெரியாது, மூன்று செ.மீ. ஆழம் மட்டுமே உள்ள இடத்திலோ கண்ணை விட்டு ஃபோகஸ் நழுவ இதுவே போதும். போதாததற்கு, உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடும்போது ஓரிரு செ.மீ. முன்னும் பின்னும் அசைகிறார். குனிந்து எடுக்கும் நாமும் அசைகிறோம். ஆகவே வெளிச்சம் இருக்கும் இடத்தில் எஃப் 2.8-க்கு வந்துவிடுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 தரும் ஆழம் 11 செ.மீ.; எஃப் 2.8 தருவது 17 செ.மீ. பின்னணி அப்போதும் அழகாகவே கரையும். எஃப் 1.8 என்பதை வெளிச்சம் கைவிட்ட நேரத்துக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இந்த லென்சின் மிகச் சிறந்த முகப் படங்கள் எஃப் 2.8-க்கும் 4-க்கும் இடையில்தான் விழுகின்றன.

ஷட்டரையும் கவனியுங்கள். 18-55 லென்சில் கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு இருந்தது. இந்த லென்சில் அது கிடையாது. 1/60-இல் எடுத்துப் பழகிய கை, அதே வேகத்தில் இங்கே கலங்கிய படத்தைத்தான் தரும். 1/160-க்குக் கீழே இறங்காதீர்கள், அதற்காக ஐ.எஸ்.ஓ. ஏறினால் ஏறட்டும். பொட்டுப் பொட்டாக இரைச்சல் விழுந்த படத்தைச் சகித்துக்கொள்ளலாம், கலங்கிய கண்ணைச் சகிக்க முடியாது.

இவ்வளவும் செய்தபின்னும் தவறினால் லென்சைச் சோதியுங்கள். தினத்தாள் ஒன்றை மேசையில் விரித்து, கேமராவை முக்காலியில் பொருத்தி, 45 பாகைச் சாய்வில் பார்க்கும்படி வையுங்கள். ஒரு தலைப்பு வரியில் நடுப்புள்ளியை வைத்து, எஃப் 1.8-இல் வியூஃபைண்டர் வழியாக ஐந்தாறு படங்களும் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறையில்) ஐந்தாறு படங்களும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகசைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். லைவ் வியூவில் அந்த வரி சரியாக விழுந்து, வியூஃபைண்டரில் மட்டும் எப்போதும் அதற்கு முந்திய வரியோ பிந்திய வரியோ தெளிவாக வருமானால், கேமராவும் லென்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். விலை உயர்ந்த கேமராக்களில் இதைத் திருத்திக்கொள்ள வசதி உண்டு; 1500டி-யில் இல்லை. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கேமரா, லென்ஸ் இரண்டையும் சேர்த்தே சேவை மையத்தில் கொடுங்கள். லென்சை மட்டும் கொடுத்தால், “எங்கள் கேமராவில் சரியாக இருக்கிறதே” என்று திருப்பித் தந்துவிடுவார்கள். வெவ்வேறு வரிகள் ஒழுங்கின்றி மாறி மாறித் தெளிந்தால் லென்சை ஐயப்பட வேண்டாம். மேலே சொன்ன பழக்கங்களைத் திருத்தினால் போதும்.

கேள்வி: செம்மணல் தேரிக்காட்டில் நண்பகலில் நண்பனை எஃப் 1.8-இல் எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 100 வைத்தும் படம் வெளுத்துவிட்டது. தாடையெல்லாம் சிவந்து தெரிகிறது. ஏன்?

— கல்லூரி மாணவர், திசையன்விளை

பதில்: நம் ஊர் உச்சி வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 1.8 என்றால் ஏறத்தாழ 1/8000 வேகம் வேண்டும். குறைந்த விலைக் கேமராக்கள் பலவற்றின் ஷட்டர் 1/4000-க்கு மேல் போகாது. மிஞ்சிய ஒளி படத்தை வெளுக்கச் செய்கிறது. எஃப் 2.8-க்கு வந்தால் எல்லைக்குள் அடங்கிவிடும். சிவப்பு, தேரி மணல் மேல்நோக்கித் திருப்பி அனுப்பும் வெளிச்சம். நடவு வயலின் நடுவில் நிறுத்தி எடுத்தால் இதேபோலத் தாடையில் பச்சை ஏறும். ஒயிட் பேலன்சை (படத்தின் நிறச் சமநிலையை) மாற்றினால் முகம் முழுவதும் மாறுமே தவிர, தாடைச் சிவப்பு மட்டும் தனியே நீங்காது. வெள்ளைத் துண்டு ஒன்றை நண்பனின் காலடியில், சட்டத்துக்கு வெளியே விரித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, மாலை ஐந்து மணிக்குப் போவது. லென்ஸ் மாற்றும் வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மணல் மாவுபோல நுண்மையானது, காற்றில் சட்டென்று ஏறிவிடும்.

கேள்வி: புது லென்ஸ் வாங்க வசதியில்லை. பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

— மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேமராவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், படம் எடுத்துப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். முதலில் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டிய லென்சுகளில் அது எளிதாகப் பிடித்துக்கொள்ளும். லென்சின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசுப் பொட்டுகள் எந்த லென்சிலும் இருக்கும். அவற்றால் படத்துக்குக் கெடுதல் இல்லை. சிலந்தி நூல்போலக் கிளை பிரிந்து மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்த விலை லென்சைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுக்கும் கூலி, வாங்கிய விலையோடு போட்டி போடும்.

அடுத்து, கேமராவில் மாட்டி, அப்பர்ச்சரை நீங்கள் தேர்ந்து ஷட்டரைக் கேமராவிடம் விடும் முறையில் வைத்து, ஒரே வெள்ளைச் சுவரை எஃப் 1.8, 4, 8, 16 என்று நான்கு முறை எடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். எண் ஏற ஏறப் படம் வெளுத்துக்கொண்டு போனால் உள்ளிருக்கும் இதழ்கள் ஒட்டிக்கொண்டு சரியாக மூடவில்லை. பிறகு அருகில் ஒரு பொருள், தொலைவில் ஒரு பொருள் என்று மாற்றி மாற்றி இருபது முறை ஃபோகஸ் செய்து பாருங்கள். தயங்கினாலும் கரகரத்தாலும் வேண்டாம். எஸ்.டி.எம். வடிவமென்றால் ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். அது நீண்டிருக்கும் நிலையில் கேமராவை அணைத்துப் பையில் திணித்து, அடிபட்டுக் கெட்டவை உண்டு. குழலை விரலால் மெல்லத் தொட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு நீங்களும் தொலைவில் உள்ள ஒன்றில் ஃபோகஸ் வைத்துக் குழலை உள்ளே இழுத்துக்கொண்ட பின்பே கேமராவை அணையுங்கள். பழையதன் விலை, புதியதன் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனால், இன்னும் இரண்டு மாதம் சேர்த்து உத்தரவாதத்தோடு புதியதை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

வாங்கியதைத் தோல் பையில் வைக்க வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீல நிறக் குருணை வெளிர் சிவப்பாக மாறினால் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டது என்று பொருள். அதை ஒரு பழைய தகரத் தட்டில் இட்டு மிதமான சூட்டில் நீலம் திரும்பும் வரை உலர்த்தலாம். சமையல் பாத்திரத்தை மட்டும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அரிசித் தூசு லென்சின் இடுக்குகளில் ஏறிக்கொள்ளும் என்பதால் அது வேண்டாம். குற்றாலத்துச் சாரலில் நனைந்து வந்தால், துடைத்து உலர்த்திய பிறகே டப்பாவை மூடுங்கள். எல்லாவற்றையும்விடப் பூஞ்சைக்குப் பகை வெளிச்சமும் காற்றும்; ஆகவே வாரம் ஒரு முறையாவது லென்சை வெளியே எடுத்து, வீட்டில் யாரையாவது வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து நான்கு படம் எடுங்கள்.